ஏகநாதன் அணைத்த நாற்பது டியூப்லைட்

ஏகநாதன் காவல் காத்தது அவனுடைய சொந்த நிலத்தை. அதாவது, விற்றுவிட்ட சொந்த நிலத்தை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் முடிச்சூரில் அந்த வருடங்களில் இது அதிசயமே இல்லை. எண்பத்தெட்டில் லே-அவுட்காரர்கள் வந்து மொத்தமாக வளைத்துப் போட்டபோது அவனுடைய ஒன்றேகால் ஏக்கரும் அதில் போயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு இனி என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தவனின் தோளில் கைபோட்டு, "உன்ன வுட இந்த எடத்தப் பத்தி எவனுக்குத் தெரியும்? நீயே வாட்ச்மேனா இருந்துக்கோ" என்றார் மேனேஜர் சுப்பராயலு. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளூர்க்காரன் ஒருவன் தடியும் விசிலுமாக வாசலில் உட்கார்ந்திருந்தால் மற்ற உள்ளூர்க்காரர்கள் தகராறுக்கு வரமாட்டார்கள் அல்லவா, அதற்காக.

விற்காமல் மிஞ்சியது நாற்பது சென்ட். அது ஏகநாதனின் மனைவி பச்சையம்மாவுக்கு அவளுடைய அப்பா எழுதி வைத்தது. சுப்பராயலு மூன்று முறை நடையாய் நடந்து பார்த்தார். "என் கருமாதி முடிஞ்சப்புறம் வந்து எடுத்துக்கினு போ" என்று மூன்று முறையும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினாள். அதனால் குபேரன் கார்டன் என்று பெயர் சூட்டப்பட்ட அந்த லே-அவுட்டின் கோடியில், மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்களுக்கு அந்தப் பக்கம், பச்சையம்மாவின் நெல் மட்டும் தன்பாட்டுக்கு விளைந்துகொண்டிருந்தது.

குபேரன் கார்டனில் வீடு என்று ஒன்றுகூடக் கிடையாது. சிமென்ட் வளைவு ஒன்று, அதிலிருந்து அரை கிலோமீட்டருக்கு நூல் பிடித்த மாதிரி ஒரு அறுபதடி ரோடு, ரோட்டின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு இருபதாக நாற்பது டியூப்லைட். ஆள் இல்லாத இடத்துக்கு விளக்கு எதற்கு என்று கேட்டால் உங்களுக்கு மனை விற்கத் தெரியாது என்று அர்த்தம். சனி, ஞாயிறுகளில் மாம்பலத்திலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் வேன் வைத்து ஆட்களைக் கூட்டிவந்து, எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்து மனை காட்டுவார்கள். லைட் எரிந்தால் ஊர் மாதிரி இருக்கும். ஊர் மாதிரி இருந்தால் வாங்குவார்கள். ஏகநாதனின் வேலை மாலை ஆறுக்கு விளக்கைப் போடுவது, இரவு பத்துக்கு அணைப்பது. மெயின் ஸ்விட்ச் வளைவுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் இருந்தது. அங்கேதான் அவனும் இருந்தான்.

இப்போது அந்த வாய்க்காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அது தெரியாவிட்டால் மற்றது ஒன்றும் புரியாது. ஏரி மதகிலிருந்து கீழ்க் கழனிகளுக்குப் போகும் வாய்க்காலின் குறுக்கே ரோட்டைப் போட்டுவிட்டார்கள். அடியில் குழாய் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. "அடுத்த வாரம் பைப்பு வந்துடும்" என்று சுப்பராயலு நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கழனிக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, தண்ணீர் முறை வரும் இரவில் ரோட்டை வெட்டிவிட ஆரம்பித்தார்கள். ரோட்டின் நடுவே முப்பதடிக்குத்தான் கிராவல் கொட்டி உருட்டியிருந்தது, அதை மட்டும் வெட்டினால் போதும். இரவெல்லாம் தண்ணீர் பாயும். விடிகாலையில் கம்பெனி டிராக்டர் வந்து பள்ளத்தை மூடி உருளை ஓட்டிவிட்டுப் போகும். வெட்டியவனும் கேட்பதில்லை, மூடியவனும் கேட்பதில்லை. இப்படியே ஒரு வழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் எட்டுக் குடும்பம் வெட்டியது. தொண்ணூற்றிரண்டில் பயிர் வைத்திருந்தது பச்சையம்மா மட்டும்தான். ஆக, ரோட்டைக் காக்கும் வாட்ச்மேன்தான் ரோட்டை வெட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பயிர் பால் பிடிக்கும் நேரம், நிலம் வெடித்துக் கிடந்தது. இன்னும் நாலு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் எல்லாம் பதராகிவிடும். மனை பார்க்க வந்த கடைசி வேனும் போனதும் ஏகநாதன் ஆறு மணிக்கு விளக்கைப் போட்டான், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பலமுறை வெட்டி மூடிய இடம் என்பதால் மண் லொடலொடவென்று வந்தது. இரண்டு பேருமாக எட்டு மணிக்குள் வெட்டி முடித்தார்கள். இரண்டடி அகலம், இடுப்பளவுக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். தண்ணீர் சலசலவென்று ஓடியபோது பச்சையம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"நீ போய் கொட்டாயில இரு. சுப்பராயலு திடீர்னு வந்தாலும் வருவான். நான் மடய பாத்துக்கறேன்" என்று அவனை அனுப்பிவிட்டு அவள் கழனியிலேயே நின்றுகொண்டாள்.

எட்டரை தாண்டியிருக்கும். கொட்டகை வாசலில் ஏகநாதன் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது வண்டலூர்ப் பக்கமிருந்து விமானச் சத்தம் கேட்டது. தாம்பரம் வட்டாரத்தில் விமானச் சத்தத்துக்கு எவனும் தலையைத் தூக்கமாட்டான். விமானப்படைத் தளத்தில் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் நாளெல்லாம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினை வாத்தியார் நடுவானத்தில் அடக்குவார், சத்தம் நின்றுபோகும், கழனி உயரத்துக்கு இறங்கிவந்தபின் மறுபடி உறுமிக்கொண்டு மேலே போகும். வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள்தான் முதல் வாரம் அலறுவார்கள். பிறகு அவர்களும் "ப்ராக்டீஸ்" என்று சொல்லப் பழகிவிடுவார்கள்.

அன்றைக்கும் சத்தம் திக்கித் திக்கி வந்து நின்றது, மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது. ப்ராக்டீஸ் என்று நினைத்துக்கொண்டு ஏகநாதன் அடுத்த காலைக் கழுவினான். ஊரே அப்படித்தான் நினைத்தது. ஒரு கதவு திறக்கவில்லை.

சொம்பைக் கீழே வைக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. ராத்திரியில் யாரும் என்ஜினை அடக்கிப் பழகுவதில்லை. நாலு வருடமாகக் கொட்டகையில் படுத்திருக்கிறான், ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தான். மின்மினி அளவில் சிவப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று, தெற்கே ரொம்பத் தாழ்வாக வந்துகொண்டிருந்தன. தளம் இருக்கும் கிழக்குப் பக்கம் அது போகவில்லை. அங்கே அன்றைக்குப் பறப்பு இல்லை, ஓடுபாதை இருட்டாகக் கிடந்தது. விமானம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது. அதன் மூக்கில் ஒரு வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிந்தது. வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது.

ஏகநாதன் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். இருட்டுக்கு நடுவே, நூல் பிடித்த மாதிரி, இரண்டு வரிசை விளக்கு. மேலே இருக்கிறவன் கண்ணுக்கு அது ஓடுபாதையாகத் தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது.

"ஐயோ, எறங்கப் போறான்" என்று வாய்விட்டுக் கத்தினான்.

இறங்கட்டுமே! இந்த அறுபதடி ரோட்டில் வேறு எந்த இரவாக இருந்தாலும் இறங்கியிருக்கலாம். ஆனால் வளைவிலிருந்து முந்நூறு மீட்டரில் அந்தப் பள்ளம் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. போன மாதம் ராத்திரியில் குறுக்குவழியாக வந்த செங்கல் லாரி ஒன்றின் முன்சக்கரம் அதில் இறங்கி அச்சு முறிந்துபோயிற்று. நடந்து போகிற வேகத்தில் வந்த லாரிக்கே அந்தக் கதி. டார்ச்சை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடலாமா? எட்டுவதற்குள் வந்துவிடும். எட்டினாலும் இந்த இரண்டு பாட்டரிக்கட்டை டார்ச்சை எவன் பார்க்கப் போகிறான்? ஏகநாதன் இரண்டடி ரோட்டுப் பக்கம் ஓடினான், நின்றான், திரும்பினான். அணைத்தால் இருட்டில் போய் விழுவார்கள். அணைக்காவிட்டால் பள்ளத்தில் விழுவார்கள். இந்த இரண்டு பாவத்தில் எதைக் கையில் எடுப்பது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. வெள்ளை விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. என்ஜின் சத்தமே இல்லை.

கொட்டகைக்குள் பாய்ந்து மெயின் ஸ்விட்சின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டான்.

நாற்பது டியூப்லைட்டும் ஒரே நொடியில் அணைந்தன. "மேல போ சாமி, மேல போ, வேற எடம் பாரு" என்று இருட்டில் நின்று கத்தினான். என்ஜின் ஒரே ஒரு தடவை உறுமியது. உறுமியது என்று அவன் சந்தோஷப்படுவதற்குள் அடங்கிப்போயிற்று. தகரக் கூரை தடதடக்க, காற்று மட்டும் விர்ரென்று தலைக்கு மேலே போயிற்று. கறுப்பாக ஒரு வயிறும் இரண்டு சக்கரமும் தெரிந்தன. அது ரோட்டோடு போகாமல் இடதுபக்கம் சாய்ந்து திரும்பியது. அந்தப் பக்கம் பச்சையம்மாவின் கழனி இருந்தது. பச்சையம்மாவும் அங்கேதான் இருந்தாள்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. சேற்றில் எருமை சாய்ந்த மாதிரி ஒரு சத்தம், கூடவே தகரம் மடங்குவது போல ஒன்று. அத்துடன் தவளைகள்கூட நின்றுவிட்டன. ஏகநாதன் பச்சையம்மா பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ரோட்டில் ஓடினான். ஓடிய வேகத்தில், தான் வெட்டிய பள்ளத்தில் தானே விழுந்து முட்டி பெயர்ந்தது. எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட மறுபடி ஓடினான்.

பச்சையம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விமானம் கழனியில் தண்ணீர் தேங்கியிருந்த தாழ்வான மூலையில் சக்கரம் புதைந்து குப்புறக் கவிழ்ந்து கிடந்தது, வலதுபக்க இறக்கை சேற்றுக்குள் போயிருந்தது. அவள் முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, உடைந்த ஜன்னலுக்குள் இரண்டு கையையும் விட்டு ஒரு பெண்ணின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிய அந்தப் பெண்ணின் வாய்க்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளிதான் இருந்தது. அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். பெயர் மெட்டில்டா என்று பிறகுதான் தெரிந்தது.

"சாரைப் பாருங்க. என்னை விட்டுட்டு சாரைப் பாருங்க, ப்ளீஸ்" என்று அவள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சார் அந்தப் பக்கத்து சீட்டில் இருந்தார். அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. ஏகநாதன் சேற்றில் நீந்தாத குறையாகச் சுற்றிப் போய்க் கதவை இழுத்தான். சேறு அதைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலில் கைவிட்டபோது முடி கிடைத்தது, சட்டைக் காலர் கிடைத்தது. தூக்கிப் பார்த்தான். மேலே பெல்ட் பிடித்திருந்தது. எங்கே அமுக்கினால் அது கழலும் என்று அவனுக்குத் தெரியாது, அந்தப் பெண்ணிடம் கேட்கவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவன் வாழ்நாளில் அப்படி ஒரு பெல்ட்டைத் தொட்டதில்லை. காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டே அழுதான். கைக்குள் அந்த உடம்பு இரண்டு தடவை உதறியது.

"யோவ், வண்டி எறங்குதுய்யா! இந்தப் பொண்ணுக்கும் வாய்க்குத் தண்ணி வந்துகினு கீது" என்று பச்சையம்மா அலறினாள்.

அப்போது ஏகநாதன் கழனிக்காரன் செய்வதைச் செய்தான். காலரை விட்டுவிட்டு வரப்புக்கு ஓடினான். மண்வெட்டி ரோட்டில் கிடந்தது, அதை எடுக்கப் போக நேரமில்லை. இரண்டு கையாலும் வரப்பைப் பிய்த்தான். நகம் பிய்ந்ததை அவன் மறுநாள்தான் பார்த்தான். ஒரு முழம் உடைத்ததும் தண்ணீரே மற்றதை அரித்துக்கொண்டு பக்கத்துத் தரிசுக்குப் பாய்ந்தது. இரண்டு மணி நேரம் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் எல்லாம் போயிற்று. மெட்டில்டாவின் கழுத்துக்கு இறங்கியது, தலைமுடிக்கு இறங்கியது. சத்தம் கேட்டு ஊர் ஆட்கள் அரிக்கேன் விளக்கோடு வந்து சேர்ந்தபோது அவள் உயிரோடு இருந்தாள், கால்தான் உடைந்திருந்தது. பெல்ட்டை எங்கே அமுக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். சாரை வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "அடி இல்லை. தண்ணி குடிச்சிருக்கார்." அவருக்கு என்ன, அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். ஏகநாதன் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் வெட்டிவிட்ட தண்ணீர் அல்லவா அது.

இறந்தவர் பெயர் தேவானந்தம். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு கிளப்பில் வாத்தியாராக இருந்தவர். மெட்டில்டாவுக்கு இரவுப் பறப்புப் பயிற்சி. திருச்சி வரை போய்விட்டு மீனம்பாக்கத்துக்குத் திரும்பி வரும்போது செங்கல்பட்டைத் தாண்டியதும் என்ஜின் மக்கர் செய்திருக்கிறது. இதெல்லாம் ஏகநாதனுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர்கள் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தான். வழியெல்லாம் ஒன்றையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான்: பள்ளம் இருந்தது சார், அதனால்தான் அணைத்தேன் சார். வளைவைத் தாண்டி ரோட்டைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பள்ளம் இல்லை. விடிகாலையில் டிராக்டர் வந்து மூடி, உருளை ஓட்டி, மேலே தண்ணீர்கூடத் தெளித்துவிட்டுப் போயிருந்தது. விமானம் விழுந்து ஆள் செத்திருக்கிறான், அதைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த வேலை நடந்திருக்கிறது. அரை கிலோமீட்டருக்கு ரோடு தாம்பாளம் மாதிரி இருந்தது.

அந்த ரோட்டில், விமான விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். மின்வாரிய லைன்மேன் தயாளன் பக்கத்தில் நின்று, "எங்க சைடு கரண்ட் கட்டு எதுவும் இல்ல சார், எழுதிக்கூடத் தரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதிகாரி அளந்து முடித்துவிட்டு உதவியாளரிடம், "தாராளமான இடம். அந்தப் பொண்ணு சொன்ன லைட் இன்னும் பத்து செகண்ட் எரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் நடந்து வந்திருப்பாங்க" என்றார்.

சுப்பராயலு அவனைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "மெயின்ல பீஸ் போச்சுன்னு சொல்லு. வேற இன்னா பேசினாலும் மாட்டப்போறது நீதான். பள்ளம் இருந்துச்சின்னு சொன்னா எவன் வெட்டனான்னு கேப்பான். இன்னா சொல்லுவ? கொலகேசுடா ஏகநாதா. யோசிச்சுக்கோ."

ஏகநாதன் யோசித்தான். அதிகாரி கேட்டபோது, "பீஸு போயிடுச்சி சார்" என்று சொல்லிவிட்டான். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்துபோயிற்று.

அவனுக்கு முடியவில்லை. அன்றைக்கும் மறுநாளும் சோற்றில் கைவைக்கவில்லை. பச்சையம்மாவுக்கு அவன் மனதில் ஓடுவது தெரியாமலா இருக்கும்? "வாயத் தொறக்காத. உன்ன உள்ள வெச்சிட்டா நான் இன்னாய்யா பண்ணுவேன்? அந்தப் பொண்ணு பொயச்சிகிச்சி இல்ல, அத நெனச்சிக்கோ" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். எதற்கும் இளகாத மனுஷி அவள். அவள் கெஞ்சி அவன் பார்த்ததே கிடையாது.

"அந்த மனுசன் சட்ட காலரு என் கையில இருந்துச்சுமே. வுட்டுட்டு ஓடினேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை அதிகாரி மறுபடி ஜீப்பில் வந்தார். கூட வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா இறங்கினார். தேவானந்தத்தின் மனைவி ரத்தினபாய்; சேலையூரில் பள்ளிக்கூட டீச்சர். முதல்நாள்தான் அடக்கம் நடந்திருக்கிறது. கழனியில் கிடந்த விமானத்தைப் பார்த்துவிட்டு, கலங்காமல், செருப்பில் அப்பிய சேற்றைக்கூடத் துடைக்காமல் கொட்டகைக்கு வந்து நின்றார்.

"இங்க லைட் போடறவர் யாரு?" என்று கேட்டார்.

சுப்பராயலு முந்திக்கொண்டு, "அன்னிக்கு பீஸ் போயிடுச்சுங்கம்மா, யார் மேலயும் தப்பு…" என்று ஆரம்பித்தார்.

"தப்பு பத்திப் பேச வரலை சார். மெட்டில்டாவை நேத்து பாத்தேன். என்ஜின் நின்னதும் அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்சிருக்கா. இந்த லைட்டுங்க தெரிஞ்சதும் இவர், 'பயப்படாதே, நமக்காக யாரோ லைட் போட்டிருக்காங்க'ன்னு சொன்னாராம். அதுதான் அவர் கடைசியா நிம்மதியா பேசினது. அவருக்கு லைட் போட்டவரைப் பாத்து ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஏகநாதனைப் பார்த்துக் கைகூப்பினார். "நீங்கதானா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். கூப்பிய அந்தக் கையை அவனால் தாங்க முடியவில்லை.

ஏகநாதன் கொட்டகைக்குள் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். ரோட்டில் விறுவிறுவென்று நடந்தான். என்னவோ ஏதோ என்று எல்லோரும் பின்னாலேயே போனார்கள். முந்நூறு மீட்டர் போய் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில் ரோட்டை வெட்ட ஆரம்பித்தான்.

"டேய், டேய், கம்பெனி ரோடுடா! பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று சுப்பராயலு பாய்ந்து மண்வெட்டியைப் பிடுங்கப் போனார். நடுவே பச்சையம்மா வந்து நின்றாள். எங்கிருந்து வந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியாது. "கை வெச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னாள். அவர் கைவைக்கவில்லை.

மேலே சிவப்பு மண், ஒரு சாண்தான். அதற்குக் கீழே கறுப்பாக ஈரச் சேறு, பாசி, வைக்கோல். நாலடி நீளத்துக்கு வெட்டியதும் போதும் என்று ஏகநாதன் பள்ளத்தில் இறங்கி நின்றான். தொடை வரைக்கும் ஆழம் இருந்தது.

"இவ்ளோ ஆழம் சார். இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். சனிக்கெயம ராத்திரி இது தொறந்து இருந்துச்சி. பீஸு போவல சார். நான்தான் அணச்சேன். ப்ளேன் நேரா இதுல வந்துகினு இருந்துச்சி" என்றான்.

அதிகாரி குனிந்து பள்ளத்தைப் பார்த்தார், பிறகு சுப்பராயலுவைப் பார்த்தார். சக்கரம் இதில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அப்போ நீ அணைச்சது சரிதானேய்யா. இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?" என்றார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். தப்பித்தாயிற்று, நல்ல பெயரும் வந்தாயிற்று. எவனாக இருந்தாலும் நிறுத்தியிருப்பான். பச்சையம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். ஏகநாதன் டீச்சரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இத வெட்டனவனும் நான்தாம்மா. எங்க பயிருக்குத் தண்ணி பாய்ச்சறதுக்கு வெட்டனேன். ஐயா குடிச்சது அந்தத் தண்ணிதான்."

ரத்தினபாய் தூரத்தில் இரண்டு வரிசைக் கம்பங்கள் தொடங்கும் இடம் வரை ஒருமுறை பார்த்தார். பிறகு, வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"நீங்க வெட்டாம இருந்திருந்தா?"

"எறங்கியிருப்பாங்கம்மா. ரெண்டு பேரும் எறங்கி நடந்து போயிருப்பாங்க."

சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் வராத அழுகை அப்போது வந்தது. யாரும் அவர் அருகில் போகவில்லை, போகத் தைரியமில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து வைத்தபடி என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்ற அதிகாரியிடம் திரும்பினார்.

"ரெண்டையும் எழுதுங்க சார். இவர் வெட்டினதையும் எழுதுங்க. அணைச்சதையும் எழுதுங்க. ஒண்ணை மட்டும் எழுதிடாதீங்க."

அதற்குப் பிறகு அவர் ஏகநாதனைப் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நாசமாய்ப் போ என்றும் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறவும் மறுத்துவிட்டு, பஸ் பிடிக்க முடிச்சூர் ரோட்டுப் பக்கம் தனியாக நடந்தார். பச்சையம்மா தயங்கித் தயங்கிக் கொஞ்ச தூரம் பின்னால் போய், பிறகு பக்கத்தில் போய்க் கூடவே நடந்தாள். டீச்சர் அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

வேலை அன்றைக்கே போயிற்று, அது தெரிந்ததுதானே. சுப்பராயலு கத்திக்கொண்டிருந்தார், அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். ஏகநாதன் எதையும் கேட்கவில்லை. மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்து, மூன்று நாளாக அடக்கிவைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதான்.